காளவாசல் மாடியில் எனக்கு இரண்டு பிள்ளைகள்

அந்த அம்மாள் சிரித்துவிட்டார்.

சென்னையில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடி. ஏசி போட்ட சின்ன அறை. மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு பிரெஞ்சுக்காரப் பெண்மணி, ஐம்பது வயது இருக்கும். நம் ஊர்ச் சுங்குடித் துணியில் ஒரு துண்டைக் கழுத்தில் சுற்றியிருந்தார். நான் பேசுவதைப் பதிவு செய்ய நடுவில் ஒரு கருவி. பிரெஞ்சு மொழிக்கான வாய்மொழித் தேர்வு அது.

உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார். சொன்னேன். என் பெயர் கலையரசி. மதுரையில் இருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். எனக்குத் திருமணமாகிவிட்டது, இரண்டு பிள்ளைகள். பையன் கவினுக்கு ஒன்பது வயது, பெண் நிலாவுக்கு ஆறு வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் பூங்காவுக்குப் போவோம்.

"கவின், நிலா" என்று அவர் திருப்பிச் சொன்னார். அப்புறம்தான் அந்தச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டார். ஆனாலும் தோள் குலுங்கியது.

எனக்குப் பிள்ளைகள் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்போது கல்யாணமாகிப் பதினொரு வருஷம். ஆஸ்பத்திரி ஏறி இறங்கிய கதையை இந்தத் தொடரில் எழுதப்போவதில்லை. எழுதினால் நானே படிக்க மாட்டேன்.

ஆனால் கவினும் நிலாவும் எப்படி வந்தார்கள் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். போன வாரம் பள்ளிக்கூட வேலையைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்துவிட்டு ஒரு வாசகி, "கனடா போகப் போறதா எப்பவோ எழுதுனீங்களே, என்னாச்சு?" என்று கேட்டிருந்தார். அவருக்குத் துணிச்சல்தான்.

யாரும் கேட்காத ஊர்

கனடா என் வீட்டுக்காரரின் யோசனை. முருகேசன் என்று பெயர். லேத் மெஷின் விற்கும் கம்பெனியில் சர்வீஸ் எஞ்சினியர். வீடு ஆனையூரில்.

ஒருநாள் சொந்தத்தில் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டு வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தோம். அன்றைக்கு மட்டும் "விசேஷம் ஏதும் உண்டா?" என்று ஆறு பேர் கேட்டிருந்தார்கள். ஏழாவதாக ஒருத்தி கேட்கவில்லை, என் வயிற்றைப் பார்த்துவிட்டுப் போனாள். சிக்னலில் வண்டி நின்றபோது அவர் திரும்பாமலே சொன்னார்.

"கலா, பேசாம கனடா போயிருவமா? அங்க ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. அவனவன் சோலி அவனவனுக்கு."

எனக்கு அந்த நிமிஷமே மூட்டை கட்ட வேண்டும்போல இருந்தது. பனி, சம்பளம், சுகாதாரம் எதுவும் எனக்கு வேண்டாம். யாரும் கேட்காத ஊர் ஒன்று இருக்கிறது என்றால் அது போதும்.

விசாரித்தபோது எங்கள் இரண்டு பேருக்கும் வயது தாண்டிக்கொண்டிருக்கிறது, குடியேற அவர்கள் போடுகிற புள்ளிகள் பத்தாது என்றார்கள். பிரெஞ்சு தேர்வில் தேறினால் அதைச் சரிக்கட்டலாமாம்.

"எனக்கு பாஷைன்னா பயம். நீதான் இங்கிலீஷ் டீச்சர். உனக்கு எம்புட்டு நேரம் ஆகப்போகுது?" என்றார் இவர்.

எனக்கும் அந்தத் திமிர் இருந்தது. மேலூர்ப் பக்கம் அடுத்தவர் வயலில் நாற்று நட்ட வீட்டிலிருந்து வந்தவள் நான். இங்கிலீஷ் பேசித்தான் நாற்காலியில் உட்கார்ந்தேன். இங்கிலீஷ் தெரிந்தவளுக்குப் பிரெஞ்சு அடுத்த தெரு என்று நினைத்தேன்.

இங்கிலீஷ்காரியின் வீழ்ச்சி

காளவாசலில் ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது வகுப்பு. படியேறும்போதே ரப்பர் வாசம். கீழே பஸ்காரன் ஹார்ன் அடித்தால் மேலே வினைச்சொல் காதில் விழாது.

சார் பெயர் அருள். வேதியியல் படித்தவர். அவரும் வெளிநாடு போக நினைத்துப் பிரெஞ்சு படித்து, தேர்வும் எழுதித் தேறி, ஏதோ காரணத்தால் போக முடியாமல், படித்ததை வீணாக்க வேண்டாமென்று வகுப்பு ஆரம்பித்தவர். பிரான்சைப் படத்தில்தான் பார்த்திருக்கிறார். அதை மறைக்கவும் மாட்டார்.

முதல் மாதமே என் இங்கிலீஷ் எனக்கு எதிரியாகிவிட்டது. எழுத்து எல்லாம் தெரிந்த எழுத்து. அதனால் தெரிந்த மாதிரியே வாசித்தேன். வார்த்தைக் கடைசியில் மூன்று எழுத்து நிற்கும், ஒன்றுக்கும் சத்தம் கிடையாது. நானோ ஒன்றையும் விடாமல் உச்சரிப்பேன். என் பக்கத்தில் உட்கார்ந்த ரேவதி ஒரு நர்ஸ், தமிழ் மீடியம். அவள் சார் சொல்வதைக் காதில் வாங்கி, தமிழ் எழுத்திலேயே எழுதிக்கொண்டாள். இரண்டே வாரத்தில் அவள் உச்சரிப்பு என்னுடையதைவிடச் சுத்தமாக இருந்தது.

"டீச்சர், நீங்க எழுத்தப் பாக்காதீங்க. பாத்தா இங்கிலீஷ் வந்துருது" என்றாள். இருபத்தி நாலு வயதுப் பெண். உண்மையைச் சொன்னதால் எனக்கு இரண்டு நாள் அவளைப் பிடிக்கவில்லை.

அப்புறம் இந்த ஆண்பால் பெண்பால். மேசை பெண். நாற்காலி பெண். சாவி பெண், பூட்டு ஆண். சோறு ஆண், அதை ஆக்குகிற அடுப்படி பெண். உயிரில்லாத பொருளை அது என்று சொல்லிவிட்டுப் போகிற நமக்கு எதற்கு இந்தப் பாடு? காரணம் கேட்டால் சார், "காரணம் கெடையாது மேடம், மனப்பாடந்தான்" என்பார்.

எண்ணிக்கை அதைவிடக் கொடுமை. எழுபது என்று ஒரு வார்த்தை கிடையாது, அறுபதும் பத்தும். எண்பது, நாலு இருபது. தொண்ணூறு, நாலு இருபதும் பத்தும். மணி, டெலிபோன் நம்பர், விலை எது கேட்டாலும் நான் மனசுக்குள் கூட்டி முடிப்பதற்குள் கேட்டவர் அடுத்த கேள்விக்குப் போயிருப்பார்.

ஒன்றே ஒன்று சுலபமாக வந்திருக்க வேண்டும். நீ, நீங்க என்று அவர்களுக்கும் இரண்டு உண்டு. ஆனால் சார் அதை இங்கிலீஷில் விளக்கினார். மரியாதையான "யூ", நெருக்கமான "யூ" என்று அரை மணி நேரம் போர்டில் கட்டம் போட்டார். மதுரைக்காரர்கள் பத்துப் பேர் அதைப் புரியாமல் எழுதிக்கொண்டோம். வீட்டில் இட்லிக்கு மாவு ஊற்றும்போதுதான் அட, இது நம்ம நீங்கதானே என்று எனக்கு உறைத்தது. நம் கையில் இருப்பதை இங்கிலீஷ் வழியாகச் சுற்றிவந்து கடன் வாங்கியதை நினைத்து எரிச்சலாக வந்தது.

பிரெஞ்சில் புருஷன் பெண்டாட்டி ஒருவரையொருவர் நீ என்றுதான் சொல்ல வேண்டுமாம். பயிற்சிக்காக ஒரு சாயந்தரம் இவரிடம், "நீ காப்பி குடிக்கிறியா?" என்று தமிழிலேயே கேட்டுப் பார்த்தேன். டிவி பார்த்துக்கொண்டிருந்த என் மாமியார் ரிமோட்டை எடுத்து சத்தத்தைக் குறைத்தார். அதோடு அந்தப் பயிற்சி முடிந்தது.

ஒரே தாள்

ஏழெட்டு மாதம் கழித்து வாய்மொழித் தேர்வுக்குத் தயாரிப்பு தொடங்கியது. சார் ஆளுக்கு ஒரு ஜெராக்ஸ் தாள் கொடுத்தார். தன்னறிமுகம். கோடிட்ட இடம் மூன்றே மூன்று: பெயர், ஊர், வேலை. மற்றதெல்லாம் அச்சு.

"அப்படியே உரு அடிங்க. ஒரு வார்த்தையக்கூட மாத்தாதீங்க. மாத்துனா அது ஆணா பொண்ணான்னு முழிப்பீங்க, பின்னால வர்ற வினையும் தப்பாப் போகும். பிரெஞ்சு பேசுறதுக்கு அங்க போயி கத்துக்கலாம். இங்க மார்க்குதான்."

அந்தத் தாளில்தான் கவினும் நிலாவும் இருந்தார்கள்.

"சார், எனக்கு இன்னும் கல்யாணமே ஆகல" என்றாள் ரேவதி.

"மார்க் வரட்டும்மா, மாப்பிள்ளை தன்னால வருவான்" என்றார் சார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் தாளில் மாற்ற வேண்டியது ஒன்று இருந்தது. அந்தச் சிரிப்புக்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை.

ழே தெஸான்ஃபான். எனக்கு இரண்டு பிள்ளைகள். முதல் வாரம் அந்த வரி வரும்போது கோபம் கோபமாக வரும். பல்லைக் கடித்துக்கொண்டு அதை மட்டும் வேகமாகச் சொல்லிவிட்டு, பூங்காவுக்குப் போய்விடுவேன்.

அந்தச் சமயத்தில் மேலூரில் என் நாத்தனார் மகளுக்கு வளைகாப்பு. பித்தளைத் தாம்பாளம் நிறைய வளையல், சந்தனம், குங்குமம். தாம்பாளத்தைத் தூக்கிவந்து வைத்தவள் நான். வைத்துவிட்டு ஒரு ஜோடி வளையலைக் கையில் எடுத்தேன். அந்தப் பெண்ணை நான்தான் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பில் சேர்த்தேன், பாடம் சொல்லிக் கொடுத்தேன்.

மாமியார் வளையலை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். பிடுங்கவில்லை, மெதுவாகத்தான் வாங்கினார்.

"நீ போயி பந்தியப் பாரு தாயி. இங்க ஒரே கூட்டமா இருக்கு."

அந்தப் பெண் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. இவர் மண்டபத்து வாசலில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார், பார்த்தும் பார்க்காத மாதிரி.

பந்தியில் புளியோதரை வாளியைத் தூக்கிக்கொண்டு இலை இலையாகப் போனேன். அழுதால் அபசகுனம் என்று அதற்கும் ஒரு பேச்சு வரும். அதனால் தாளைச் சொல்லிக்கொண்டே போனேன். ழே தெஸான்ஃபான். பையனுக்கு ஒன்பது வயது, பெண்ணுக்கு ஆறு.

"என்னத்தா முணுமுணுக்குற?" என்று ஒரு கிழவனார் கேட்டார்.

"பாடம் பெரியப்பா."

அன்றைக்குத்தான் அந்தப் பிள்ளைகள் எனக்கு வந்தார்கள். அதற்குப் பிறகு அந்த வரியை நான் வேகமாகச் சொன்னதே இல்லை. சார் கொடுத்த எழுத்துப் பயிற்சிகளையும் அவர்களை வைத்தே எழுதினேன். நேற்று நடந்ததை எழுதச் சொன்னால், நேற்று நிலாவுக்குக் காய்ச்சல். நாளை நடக்கப்போவதை எழுதச் சொன்னால், நாளை கவினுக்குச் செருப்பு வாங்கப் போகிறோம். எனக்கே கேவலமாக இருந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை.

நாலாம் வகுப்பு நிலா

தேர்வுக்குச் சில நாட்களுக்கு முன் வகுப்புக்குச் சீக்கிரம் போய்விட்டேன். சார் நாற்காலியில் ஒரு பெண்பிள்ளை பள்ளிக்கூட யூனிஃபார்மோடு உட்கார்ந்து கடலைமிட்டாய் தின்றுகொண்டிருந்தது.

"பேரு என்ன பாப்பா?"

"நிலா."

"எந்தக் கிளாஸ்?"

"நாலாப்பு. அப்பா கீழ டீ குடிக்கப் போயிருக்காங்க."

எனக்கு அப்போதுதான் விளங்கியது: அந்தத் தாள், சார் தன் தேர்வுக்குத் தானே எழுதிக்கொண்டது. அதில் இருந்தது அவர் குடும்பம். அதைத்தான் வருஷக்கணக்காக ஜெராக்ஸ் போட்டு எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் மகள் வளர்ந்து நாலாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். என்னிடம் இருந்தவளுக்கு மட்டும் இன்னும் ஆறு வயது.

அந்தப் பிள்ளை என்னிடம் ஒரு துண்டு கடலைமிட்டாய் நீட்டியது. வேண்டாம் என்றேன். யோசித்துப் பார்த்தால் வாங்கியிருக்கலாம்.

மறுபடியும் அந்த அறை

சென்னைக்கு எங்கள் வகுப்பிலிருந்து நாலு பேர் ஒரே ரயிலில் போனோம். ஒரே நாள் காலை, ஒரே அறை, ஒருவர் பின் ஒருவராக. நான் நாலாவது ஆள். உள்ளே என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கே புரிந்திருக்கும். எங்களில் ஒருவருக்கும் அது முன்கூட்டித் தோன்றவில்லை. பத்தாம் வகுப்பில் எல்லோரும் ஒரே கோனார் நோட்ஸ் பதிலை எழுதித்தானே மார்க் வாங்கினோம்.

அந்தப் பெண்மணி சிரிப்பை அடக்கிக்கொண்டு நிறுத்தி நிதானமாகச் சொன்னார்: "மேடம், காலையிலிருந்து கவினையும் நிலாவையும் நான் நாலாவது தடவையாகச் சந்திக்கிறேன். மதுரையில் எல்லோருக்கும் இந்த இரண்டு பிள்ளைகள்தானா? உண்மையைச் சொல்லுங்கள். உங்களுக்குப் பிள்ளைகள் உண்டா?"

கேலியாகக் கேட்கவில்லை, பிரியமாகத்தான் கேட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஊர் தாண்டி, பாஷை தாண்டி, வீட்டுக்காரரின் அரைச் சம்பளத்தை ஃபீஸாகக் கட்டிவிட்டு வந்து உட்கார்ந்தால், இவரும் அதையே கேட்கிறார்.

தாள் தீர்ந்துவிட்டது. அதற்கு மேல் ஒரு வரியும் என்னிடம் இல்லை.

"இல்லை" என்றேன். ழு நே பா தான்ஃபான். எனக்குப் பிள்ளைகள் இல்லை. ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்தேன். அவர்கள் எங்கள் ஆசிரியரின் பிள்ளைகள். எனக்குப் பதினொரு வருஷமாக இல்லை. என் ஊரில் தினம் கேட்கிறார்கள். கல்யாணத்தில் கேட்கிறார்கள், பஸ்ஸில் கேட்கிறார்கள். வளையல் போட விடமாட்டார்கள். கேட்காத ஊருக்குப் போகத்தான் பிரெஞ்சு படித்தேன். நீங்களும் கேட்கிறீர்கள்.

இலக்கணம் எத்தனை இடத்தில் உடைந்ததோ, தெரியாது. எது ஆண், எது பெண் என்று பார்க்க நேரமில்லை. கோபத்தில் இருந்தேன். கோபத்துக்கு நன்றாகப் பிரெஞ்சு வருகிறது.

அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. டிஷ்யூ டப்பாவை என் பக்கம் தள்ளினார். "மன்னித்துக்கொள்ளுங்கள் மேடம்" என்றார். பிறகு வளையல் என்றால் என்ன என்று கேட்டார். சொன்னேன். யார் போடலாம், யார் போடக் கூடாது என்று கேட்டார். அதையும் சொன்னேன். மணி அடித்தது.

மார்க்

முடிவு வந்தபோது நாலு பேரில் பேச்சில் தேறியது நான் ஒருத்திதான். இவருக்குத் தலைகால் புரியவில்லை.

"அப்படி என்னதான் பேசுன கலா?"

"என்னைப் பத்திக் கேட்டாங்க. சொன்னேன்."

"நம்ம வீட்டப் பத்தியெல்லாமா?"

"ஆமா."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. அவருக்குப் புரிந்திருக்கும். பதினொரு வருஷமாகப் புரிந்துகொண்டு கேட்காமல் இருப்பதில் அவர் கெட்டிக்காரர்.

எனக்குப் பிள்ளை இல்லை என்பதற்கு ஊரில் கிடைக்காதது எதுவுமில்லை, பரிதாபம், பரிகாரம், பந்தி வேலை எல்லாம் கிடைத்திருக்கிறது. மார்க் கிடைத்தது அந்த ஒரு தடவைதான்.

வாசகிக்குப் பதில்: விண்ணப்பம் போட்டோம். வருஷா வருஷம் அவர்கள் கேட்கிற புள்ளி ஏறிக்கொண்டே போகிறது. நாங்கள் இன்னும் ஆனையூரில்தான் இருக்கிறோம்.

சாரிடம் ஒரு வழக்கம் உண்டு. தேர்வு எழுதி வந்தவர்களை உட்காரவைத்து, என்ன கேட்டார்கள், என்ன சொன்னீர்கள் என்று ஒன்று விடாமல் ஒரு நீளநோட்டில் எழுதிக்கொள்வார். திரும்பி வந்த வாரமே என்னிடமும் கேட்டார். நானும் டீச்சர்தானே, அடுத்த பேட்ச்சுக்கு உதவும் என்று நடந்ததை அப்படியே சொன்னேன். பாதியில் அவர் பேனாவை நிறுத்தினார்.

"சாரி மேடம். எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா அந்த வரியவே..." என்றவர் முடிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்புறம் என்ன சொன்னீங்க?" என்று மறுபடி எழுதத் தொடங்கினார்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் அரைக்கிலோ அல்வா வாங்கிக்கொண்டு காளவாசலுக்குப் போனேன். படியேறும்போதே புது பேட்ச் கோரஸாகச் சொல்வது கேட்டது.

ழு நே பா தான்ஃபான். எனக்குப் பிள்ளைகள் இல்லை. பதினொரு வருஷமாக இல்லை. என் ஊரில் தினம் கேட்கிறார்கள்.

கதவு திறந்துதான் இருந்தது. பத்துப் பன்னிரண்டு பேர், எல்லோர் கையிலும் புதுத் தாள். மீசை வைத்த பையன்கள், காலேஜ் பெண்கள். முன் வரிசையில் ஒரு பெண்ணுக்கு ஏழெட்டு மாதம் இருக்கும், இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையல்.

"சார், இந்த வரி மட்டும் வேணாம் சார். வாயால சொல்லக் கூடாதும்பாங்க" என்றாள் அவள்.

"வெறும் பிரெஞ்சுதானம்மா. இதுக்குத்தான் மார்க் விழுது" என்ற சார் என்னைப் பார்த்துவிட்டார். உண்மையான சந்தோஷத்தோடு எழுந்தார். "அட, மேடமே வந்துட்டாங்க! நான் சொன்னேன்ல, அந்த மேடம். வாங்க மேடம், பிள்ளைங்களுக்கு ஒருதடவ சொல்லிக் காட்டுங்க. எந்த இடத்துல நிறுத்துனீங்க, எப்படி ஏத்தி இறக்கிச் சொன்னீங்கன்னு."

அல்வாப் பெட்டியை மேசைமேல் வைத்தேன். போர்டு பக்கத்தில் போய் நின்றேன். டீச்சர் புத்தி, பத்துப் பேர் நோட்டோடு உட்கார்ந்திருந்தால் என்னால் சும்மா திரும்ப முடியாது. சொன்னேன். ஒவ்வொரு வரியாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். அவர்கள் திரும்பச் சொன்னார்கள். உச்சரிப்பு தப்பிய இடத்தில் திருத்தினேன்.

அந்தப் பெண் மட்டும் சொல்லவில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டு, வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை நான் திருத்தவில்லை. அவள் இடத்தில் இருந்தால் நானும் சொல்லியிருக்க மாட்டேன்.